கெலவல்லா விலைக்கு ஏற்றுமதிதான் காரணமா? கடலில் மீன் குறைவதற்கும் அதுதானா?

வெள்ளவத்தை_மீனா

சந்தையில் கெலவல்லா (மஞ்சள் செட்டைச் சூரை) விலையைக் கேட்டுவிட்டு மலிவான லின்னா மீன் வாங்கிக்கொண்டு வருகிற நிலைமை. ஏன் இந்த விலை என்று கேட்டால் எல்லாத் தட்டிலும் ஒரே பதில்: "நல்ல மீன் எல்லாம் பிளேன்ல போகுது அக்கா." இறாலுக்கும் அதே பதில், கணவாய்க்கும் அதே பதில். மழைக்காலத்தில் மழையைச் சொன்னவர்கள் இப்போது ஏற்றுமதியைச் சொல்கிறார்கள்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஏற்றுமதியை நிறுத்தினால் கொழும்பில் மீன் விலை இறங்குமா? கடலில் மீன் குறைந்துகொண்டே போகிறது என்கிறார்களே, அதற்கும் ஏற்றுமதிதான் காரணமா? கட்சிச் சண்டை வேண்டாம். தொழில் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை_குமார்

இதில் கேட்க என்ன இருக்கிறது? 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது. மே மாதம் 360. வெளிநாட்டுக்குக் கிலோ 10 டொலருக்கு அனுப்புகிறவர் கையில் 2,000 ரூபா வந்த இடத்தில் 3,600 வந்தது. அவர் எங்களுக்கு ஏன் பழைய விலையில் தரப்போகிறார்?

நிறுத்தினால் இறங்கும். 2020 அக்டோபரில் கொழும்பின் மொத்த மீன் சந்தையான பேலியகொடையில் கொரோனாக் கொத்தணி வந்தபோது மீன் விலை எப்படி விழுந்தது என்று எல்லோரும் பார்த்தோம். முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகச் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துக் காட்டி, வாங்குங்கள் என்று கேட்கிற அளவுக்குப் போனது.

மாளிகாவத்தை_நானா

குமார் தம்பி, அது பயத்தில் விழுந்த விலை. ஏற்றுமதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோதும் இதே கதைதான். கப்பலில் இருந்த இரசாயனம் மீன் வயிற்றுக்குள் போயிருக்கும் என்று சனம் இறைச்சிக் கடைக்கு ஓடியது. வாங்குகிறவன் ஓடினால் எந்தச் சாமானும் விழும். மீன் மலிவதற்கு ஊருக்கு ஒரு நோய் வர வேண்டும் என்றால் அந்த மலிவு நமக்கு வேண்டாம்.

நான் புறக்கோட்டை சென். ஜோன்ஸ் சந்தையில் தட்டு வைத்திருந்தவன். 2011இல் சந்தையைப் பேலியகொடைக்கு மாற்றியபோது கூடவே போனேன். இப்போது தொழிலை மகன் பார்க்கிறான். எனக்குத் தெரிந்த வரை அன்றைய விலையை முடிவு செய்வது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் எத்தனை லொறி வருகிறது என்பதுதான். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. நீர்கொழும்பு, பேருவளை, காலிப் பக்கம் சின்னப் படகு இறங்காது. அப்போது திருகோணமலை, முல்லைத்தீவு, யாழ்ப்பாணத்து லொறியை நம்பித்தான் கொழும்பு சாப்பிடுகிறது. லொறிக்கு டீசல், வழியில் ஐஸ், பேலியகொடையில் கமிஷன், அதற்குப் பிறகு சில்லறைக்காரன். கடைசியில் முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து உங்கள் ஒழுங்கைக்குள் கூவுகிறவன். இவ்வளவு கை மாறுகிறது. யாராவது இதைச் சொல்கிறார்களா? "பிளேன்ல போகுது" என்றால் கேட்கிறவர் வாயை மூடிவிடுவார். அதனால் அதைச் சொல்கிறார்கள்.

பெட்டிக்காரன்

டிக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஏற்றுமதிக்கு மீன் பொதி செய்கிற இடம் ஒன்றில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. கம்பெனிப் பெயர் கேட்காதீர்கள். நடப்பதைச் சொல்கிறேன்.

நெடுநாள் படகு ஒருமுறை போனால் வரக் கிட்டத்தட்ட ஒரு மாதம், சில படகு அதற்கும் மேல். மீன் முழுக்க ஐஸ் அறையில். போன முதல் வாரத்தில் பிடித்தது அடியில் கிடக்கும், திரும்புகிற நேரம் பிடித்தது மேலே. கரைக்கு வந்ததும் ஒவ்வொரு கெலவல்லாவையும் தனியாகப் பார்ப்போம். பென்சில் பருமனில் ஓர் உலோகக் குழாய், முனை கூராக இருக்கும். செட்டைக்குப் பின்னால் குத்தி, ஒரு திருகு திருகி இழுத்தால் குழாய்க்குள் தசைத் துண்டு ஒன்று வரும். அதை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும், பிறகு விரலிடையில் நசுக்கிக் கொழுப்புப் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பாக, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி இருந்து, விரலில் எண்ணெய் ஒட்டினால் அது ஜப்பானுக்கோ ஐரோப்பாவுக்கோ பச்சையாகச் சாப்பிடப் போகிற மீன். நிறம் மங்கினால் ஒரு படி கீழே. பழுப்பு ஏறியிருந்தால் பெட்டிக்குள் போகாது. நேரே பேலியகொடை லொறிதான்.

மீனா அக்கா, நீங்கள் பார்த்த கெலவல்லாவில் பெரும்பாலானது அப்படி எங்கள் கையில் தோற்றுப்போன மீன், இல்லாவிட்டால் ஏற்றுமதிக்குக் காணாத சின்ன மீன். கெட்ட மீன் என்று சொல்லவில்லை, குழம்புக்கு அது போதும். ஆனால் ஒரே படகு, ஒரே அறை, இரண்டு சந்தை.

இப்போது குமார் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். டீசல், ஐஸ், இரை, ஆறேழு பேருடைய சாப்பாடு என்று ஒரு பயணத்துக்கு இலட்சக் கணக்கில் போகிறது. அந்தச் செலவைத் தூக்குவது கடைசி நாட்களில் பிடிபட்ட அந்த நல்ல மீன்தான். அதற்கும் பேலியகொடை விலைதான் என்றால் பல சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) படகைத் துறைமுகத்தில் கட்டிவிடுவார்கள். படகு போகாவிட்டால் பலயாவும் (இன்னொரு சூரை வகை) வராது, சுறாவும் வராது. ஏற்றுமதியை நிறுத்திய முதல் மாதம் மலிவாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை_குமார்

அப்படியென்றால் நாங்கள் தின்பது உங்கள் கழிவு. நன்றி தம்பி, இன்றைக்குச் சோறு இறங்கும்.

பெட்டிக்காரன்

அண்ணே, கழிவு என்று நான் எழுதவே இல்லை :) முதல் வாரத்தில் பிடித்து அடியில் ஐஸில் கிடந்த மீன் என்றுதான் எழுதினேன். சரியாக ஐஸ் போட்டிருந்தால் அதுவும் நல்ல மீனாகத்தான் வரும். நம் படகுகளில் ஐஸ் போதாது, நெருக்கி அடுக்குகிறார்கள், நசுங்குகிறது. ஏற்றுமதி மீனில் ஹிஸ்டமின் (குளிர் போதாமல் மீனில் உண்டாகிற நச்சு) பார்க்கிறோம். ஐரோப்பாவுக்கு மாதிரிகளின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உள்ளூர்த் தட்டில் அதை யார் பார்க்கிறார்கள்? பலயா சாப்பிட்டு முகம் சிவந்து, உடம்பு தடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். காய்ச்சினாலும் பொரித்தாலும் அது போகாது.

கணக்கு_வாத்தி

இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்பதால்தான் குழப்பம் என்று நினைக்கிறேன். விலை வேறு கேள்வி, கடல் வற்றுவது வேறு கேள்வி. மீனுக்கு மீன் பதில் மாறும்.

முதலில் அளவு. 2019இல் இலங்கையின் மொத்த மீன் உற்பத்தி, குளத்து மீனும் சேர்த்து, 5 இலட்சம் தொன்னைச் சற்றுத் தாண்டியது. வெளியே போனது 30,000 தொன்னுக்குள். நூற்றுக்கு ஆறு கூட இல்லை. எடையை மட்டும் பார்த்தால் "எல்லாம் பிளேன்ல போகுது" என்பது பொய். ஆனால் அந்த ஆறுக்குள் இருப்பவை எவை? பெரிய கெலவல்லா, வாள்மீன், சிங்கி இறால், இறால், நண்டு, கணவாய், கடலட்டை. காசுள்ள மீன் அத்தனையும் அங்கே இருக்கிறது. சாளையையும் லின்னாவையும் கீரி மீனையும் எவனும் விமானத்தில் ஏற்றுவதில்லை. ஆகவே கெலவல்லா, நண்டு விலைக்கு வெளிச் சந்தையைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். சாளை விலைக்கும் அதையே சொன்னால் விற்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார்.

சாளைக்குக் காரணம் எரிபொருள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. சின்னப் படகுகளின் வெளி இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். விடியப் போய்க் காலையில் வருகிற படகின் எண்ணெய்ச் செலவு அன்று கிட்டத்தட்ட நான்கு மடங்கானது. டொலர் அதற்குப் பிறகு இறங்கி வந்தும் சாளை பழைய விலைக்கு வரவில்லை.

குமார் கேட்ட "நிறுத்தினால்" என்பதற்கு ஓரளவு கிட்ட வருகிற உதாரணம் ஒன்று இருக்கிறது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்தது. 2014 அக்டோபரில் தடையை அறிவித்து 2015 ஜனவரியில் அமுலாக்கியது. 2016 ஜூனில்தான் எடுத்தது. அந்தக் காலத்தில் ஏற்றுமதி நன்றாகவே குறைந்தது. நானா, அப்போது நீங்கள் பேலியகொடையில் இருந்தீர்கள், எப்படி இருந்தது?

மாளிகாவத்தை_நானா

பெரிய கெலவல்லா கூடுதலாக வந்தது, நல்ல தரத்திலும் வந்தது. மொத்த விலை இறங்கியது உண்மை. சில்லறையில் அந்த அளவுக்கு இறங்கவில்லை. சில்லறைக்காரன் இறக்க மாட்டான், ஏற்றம் என்றால் மட்டும் அன்றைக்கே ஏற்றுவான். நம் ஆட்கள்தான், தெரியாதா? நீர்கொழும்புப் பக்கம் சில படகுக்காரர் கடன் கட்ட முடியாமல் திணறினார்கள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் கடன் கொடுத்தது சந்தை முதலாளிமார். முற்பணம் கொடுத்தவனுக்குத்தான் படகு மீனைக் கொடுக்க வேண்டும், அவன் சொல்கிற விலைக்கு. இந்தக் கட்டு இருக்கிற வரை ஏற்றுமதி இருந்தாலும் நின்றாலும் கடலுக்குப் போகிறவன் கையில் பெரிதாக எதுவும் நிற்காது.

மட்டக்குளி_சுஜா

ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். ஹோட்டலும் ஏற்றுமதிதான், விமானம் ஏறாத ஏற்றுமதி. தோரா மீனும் பெரிய இறாலும் சிங்கி இறாலும் காலிமுகத்திடல் ஹோட்டல்களுக்கும் பெந்தோட்டைக்கும் போகிறது. சாப்பிடுகிறவர் டொலரில் கொடுக்கிறார். பழைய டச்சு ஆஸ்பத்திரியில் கிரிக்கெட் வீரர்கள் மஹேலவும் சங்கக்காரவும், சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாசவும் 2011இல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் நண்டு உணவகம் ஞாபகம் இருக்கிறதா? அதுவரை நம் களப்பு நண்டில் பெரியது முழுக்கச் சிங்கப்பூருக்கு உயிரோடு போனது. அங்கே சில்லி கிராப்புக்கு "இலங்கை நண்டு" என்றே பெயர் போட்டு விற்கிறார்கள். இப்போது கொழும்பிலும் கிடைக்கிறது. ஆனால் எனக்கும் உங்களுக்கும் இல்லை. மீன் நாட்டை விட்டுப் போகாமலே நம்மை விட்டுப் போயிருக்கிறது.

இன்னொன்று. நல்ல மீனை அனுப்பிவிட்டு ரின்னில் அடைத்த மீனும் நெத்தலிக் கருவாடும் இறக்குமதி செய்கிறோம். மாசிக் கருவாடு மாலைதீவிலிருந்து வருகிறது. டொலர் வந்த வழியிலேயே கொஞ்சம் திரும்பிப் போகிறது.

கணக்கு_வாத்தி

ரின் மீன் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. ஒரு கிலோ கெலவல்லாவை விற்ற காசில் பல கிலோ ரின் மீன் வாங்கலாம். புரதக் கணக்கில் நாட்டுக்கு நட்டம் இல்லை. கோபம் நியாயம்தான், ஆனால் அது கௌரவக் கோபம்.

மட்டக்குளி_சுஜா

சேர், அந்த டொலர் போவது ஏற்றுமதிக்காரர் கணக்குக்கு. ரின் வாங்குவது என் சம்பளத்தில். நாடு என்று ஒரு பொதுப் பர்ஸ் இருக்கிற மாதிரி கணக்குப் போடுகிறீர்கள்.

குருநகரான்

கொழும்பிலதான் இருக்கிறேன், சொந்தங்கள் இன்னும் தொழிலில். வடக்கைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீனா அக்காவின் இரண்டாவது கேள்விக்குப் பதில் எங்கள் கடலில் இருக்கிறது. பாக்கு நீரிணையில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எப்படி வந்தன? 1950களில் நோர்வே உதவித் திட்டம் ஒன்று கேரளத்தில் இயந்திரப் படகைக் கொண்டுவந்தது. பிறகு அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்கு நல்ல விலை கொடுக்கத் தொடங்கின. இறாலுக்காகவே இழுவை மடி (கடலடியை வாரி இழுக்கிற வலை) பெருகியது. தங்கள் பக்கத்தை வாரி முடித்ததும் இந்தப் பக்கம் வந்தார்கள். அங்கே வருடாவருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அவர்கள் கடல் ஓய்வெடுக்கிறது. எங்கள் கடலுக்கும் அந்த இரண்டு மாதம்தான் நிம்மதி. இங்கே 2017இல் இழுவை மடித் தொழிலையே சட்டத்தால் தடை செய்தோம். அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணை அது. ஏற்றுமதி ஒரு கடலைத் தின்னுமா என்று கேட்டால், தின்னும். கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆனால் அது இலங்கையின் ஏற்றுமதி இல்லை.

அடுத்தது கடலட்டை. எங்கள் ஆட்கள் யாரும் அதைச் சமைப்பதில்லை. சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் போகிறது. அதனால் கொழும்பில் எந்தக் குழம்பின் விலையும் ஏறவில்லை. ஆனால் தெற்கிலும் கிழக்கிலும் கையால் பொறுக்கின இடங்களில் இப்போது ஆழத்துக்குச் சிலிண்டர் கட்டி இறங்க வேண்டியிருக்கிறது. வாத்தி சொன்ன மாதிரி விலை வேறு, கடல் வேறு.

மூன்றாவது நண்டு. யாழ்ப்பாணம், பூநகரி, மன்னார்ப் பக்கத்து நீல நண்டு கம்பெனிக்குப் போய், பெண் பிள்ளைகள் சதை எடுத்து, அடைத்து, அமெரிக்காவுக்குப் போகிறது. முன்பு கரையில் ஏலம் கூறி விற்ற நண்டு, இப்போது பெரியது முழுக்கக் கம்பெனிக்கு வாங்குகிற வாடிக்கே போகிறது. வலை கூடியது, கடலில் விடுகிற நேரமும் கூடியது. இது ஏற்றுமதியால் வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனிக்காரன் சின்ன நண்டு, சினை நண்டு வேண்டாம் என்கிறான். வெளியே வாங்குகிறவர்கள் கேட்பதால் 2013 அளவில் ஏற்றுமதியாளர் சங்கமே நண்டுத் தொழிலைச் சீர்படுத்த ஒரு திட்டம் தொடங்கியது. அப்படி அவன் வேண்டாம் என்று தள்ளின சினை நண்டு எங்கே போகிறது தெரியுமா? உள்ளூர்ச் சந்தைக்கு. வெள்ளவத்தையில் "சினை இருக்கா" என்று கேட்டு வாங்குகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தை_மீனா

என் மாமி கேட்பார். இனி அவரோடு சந்தைக்குப் போகும்போது எனக்குத்தான் சங்கடம்.

கொட்டாஞ்சேனை_குமார்

சரி, நண்டு, கடலட்டை எல்லாம் விளங்கியது. கெலவல்லாவுக்கு வாருங்கள். இந்து சமுத்திரத்தில் அந்த மீன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பல வருடமாகச் செய்தி வந்ததே? அதை ஏற்றுமதி செய்து சம்பாதிக்கிற நாடு நாமும்தானே?

பெட்டிக்காரன்

2015இல் இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழுவின் விஞ்ஞானிகள் அப்படித்தான் சொன்னார்கள், அதற்குப் பிறகு நாடுகளுக்குப் பிடிப்பைக் குறைக்கச் சொல்லி விதி வந்தது. 2024 மதிப்பீட்டில் அந்த நிலை மாறியிருக்கிறது, இப்போது அளவுக்கு மீறின பட்டியலில் இல்லை. பிடிப்பில் பெரும் பங்கு வைத்திருந்தது ஸ்பெயின், பிரான்ஸ், சீஷெல்ஸ் கொடியில் ஓடுகிற பெரிய சுற்றுவலைக் கப்பல்கள். மிதவை போட்டு, அதன் கீழே கூடுகிற மீனைக் குட்டியோடு வளைத்து எடுப்பார்கள். நமக்கு அட்டை காட்டினதும் அதே ஐரோப்பாதான், இதை நான் சொல்லாமல் விட மாட்டேன்.

ஆனால் நம் பக்கமும் சுத்தம் இல்லை. ஏற்றுமதிக்குத் தூண்டிலில் வருகிற கெலவல்லா பெரியது, 25, 30 கிலோவுக்கு மேல், ஒருமுறையாவது முட்டை போட்டிருக்கக்கூடிய வயது. வலையில் பலயாவோடு சேர்ந்து வருகிறது குட்டிக் கெலவல்லா. இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், இன்னும் ஒருமுறை கூட முட்டை போடாதது. அதை நான் ஒருநாளும் பெட்டியில் வைத்ததில்லை. முழுக்க உள்ளூர்த் தட்டுக்குத்தான், மலிவாக.

மாளிகாவத்தை_நானா

அதுவும் உண்மை. குட்டி என்றால் உடனே விற்றுப்போகும். ஒரு குடும்பத்துக்கு அளவான மீன்.

கொட்டாஞ்சேனை_குமார்

அப்போ குற்றவாளி நாங்கள்தானா? நல்ல கதை. வெளிநாட்டுக்காரன் கேட்டதால் கருவி பூட்டினார்கள், பதிவேடு எழுதினார்கள், சட்டம் திருத்தினார்கள். அரசாங்கத்திடம் நாங்கள் கேட்டால் செய்வார்களா? சாளைக்கு ஒரு அளவுச் சட்டம் கேட்டுப் பாருங்கள்.

கணக்கு_வாத்தி

குமார், நீங்கள் கோபத்தில் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். ஐரோப்பியத் தடைக்குப் பிறகு ஆழ்கடல் படகுகளுக்கு இடம் காட்டுகிற கருவி வந்தது, அபராதம் கூடியது. கரையோர மீனுக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. 2018இல் நோர்வேயின் நான்சன் ஆய்வுக் கப்பல் வந்து நம் கண்டமேடையில், அதாவது கரையை ஒட்டிய ஆழமில்லாக் கடலில், மீனை அளந்தது. 1978இலிருந்து 80 வரை அதே பெயர்க் கப்பல் அளந்ததோடு பார்த்தால் மீன் பெரிதும் குறைந்திருந்தது. அது சாளையும் பாரையும் இருக்கிற கடல், நாம் தின்கிற கடல். அங்கே ஏற்றுமதியின் கை குறைவு. படகு எண்ணிக்கை, சின்னக் கண் வலை, டைனமைட், கண்காணிக்க ஆள் இல்லாதது, இவைதான்.

குருநகரான்

இதில் எனக்கு உடன்பாடு இல்லை வாத்தி. வாங்குகிறவன் விதி போட்டால் அந்தச் செலவு யார் தலையில்? கருவியும் பதிவேடும் பெரிய படகுக்காரன் தாங்குவான். ஒரு வள்ளமும் பத்து வலையும் வைத்திருக்கிறவனிடம் அளவுச் சட்டம் கொண்டுபோனால் அவன் அன்றைக்குப் பட்டினி. சிங்கி இறாலுக்கு பெப்ரவரி, செப்டம்பர், அக்டோபர் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த மாதங்களில் அவன் வேறு என்ன செய்வான் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. தமிழ்நாட்டில் தடைக்காலத்துக்கு நிவாரணப் பணம் கொடுக்கிறார்கள். இங்கே முதலில் அதைக் கேளுங்கள்.

மட்டக்குளி_சுஜா

கொடுக்கிற பணத்தை ஏற்றுமதியில் இருந்தே எடுக்கலாமே. ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு சிறு வரி, அது மூடும் மாதங்களில் கரைக்காரருக்கு. நாரா என்கிற அரசாங்கத்தின் மீன்வள ஆராய்ச்சி அலுவலகம் இங்கே காக்கைதீவில் எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான். எந்த மாதம் எந்த மீனை விட வேண்டும் என்று சொல்ல விஞ்ஞானிகள் அங்கே இருக்கிறார்கள்.

பெட்டிக்காரன்

வரி போட்டால் கம்பெனி அதைத் தன் இலாபத்தில் கழிக்காது, படகுக்காரனுக்குக் கொடுக்கிற விலையில் கழிக்கும். வெளிநாட்டு விலையை நாம் தீர்மானிப்பதில்லை, மாலைதீவு மீனும் இந்தோனேசிய மீனும் அதே சந்தையில் நிற்கிறது. ஹோட்டலுக்குப் போகிற மீனுக்கு வரி போடுங்கள், அங்கே தாங்கும்.

மட்டக்குளி_சுஜா

இரண்டுக்கும் போடலாம். படகுக்காரனுக்கு இத்தனைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று அடிவிலை வைத்துவிட்டு.

மாளிகாவத்தை_நானா

அடிவிலையை யார் பார்ப்பார்கள் மகள்? முற்பணம் வாங்கினவன் புகார் கொடுக்க மாட்டான்.

வெள்ளவத்தை_மீனா

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. நானா, குட்டிக் கெலவல்லாவையும் சினை நண்டையும் விட்டால், இந்த மாதம் என்ன வாங்கலாம்?

மாளிகாவத்தை_நானா

லின்னா வாங்குங்கள், கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து. பேலியகொடைக்கு நேரே வருவதென்றால் நாலு மணிக்கு முன் வாருங்கள். ஐந்து மணிக்குப் பிறகு வருகிறவருக்கு மகனும் சில்லறை விலைதான் சொல்வான்.